மே மாதத்தில் முழுக்கை போட்ட லெப்ட் கார்னர்

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு கத்திரி வெயில் சமயம். நான் கபடி சொல்லிக்கொடுக்கிற இடத்தில் சாயங்காலம் ஆறு மணிக்குக்கூடத் தரையில் விரித்த மேட்டைத் தொட்டால் சுட்டது. மற்றப் பையன்கள் எல்லாம் கையில்லாத பனியனில் நிற்க, இடது ஓரத்தில் நின்று பிடிக்கிற எங்கள் லெப்ட் கார்னர் மட்டும் மணிக்கட்டு வரை இறுக்கிப் பிடிக்கிற கறுப்பு முழுக்கை போட்டுக்கொண்டு வந்தான். ஏன்டா என்று கேட்டால், "சிராய்ப்பு மாஸ்டர், மேட்ல உரசாம இருக்கட்டும்னு" என்றான். அங்கேயே நான் பிடித்திருக்க வேண்டும். அதே பொய்யை ஏறக்குறைய அதே வார்த்தையில் நானும் என் மாஸ்டரிடம் சொன்னவன்தான். ஆனால் பிடிக்கவில்லை. ஊர் டோர்னமென்ட் நெருங்கிக்கொண்டிருந்தது, அவனை விட்டால் எனக்கு வேறு கார்னர் இல்லை, அதனால் கண்ணும் பார்க்க விரும்பவில்லை போல.

பத்து நாள் கழித்து, வலது பக்கம் நின்று பிடிக்கிற ரைட் கவர் கழுத்தைச் சொறிந்துகொண்டே நின்றான். அடுத்த வாரம் இன்னொருவன் இடுப்பு. அப்புறம்தான் லெப்ட் கார்னரைத் தனியாகக் கூப்பிட்டுக் கையைச் சுருட்டச் சொன்னேன். முழங்கைக்குக் கீழே ஒரு ரூபாய் அளவில் இரண்டு, உள்ளங்கை அளவில் ஒன்று. ஓரம் சிவந்து மேடாக, நடுவில் தோல் கொஞ்சம் தெளிந்து, சுற்றிலும் செதிள். படர்தாமரை. எத்தனை நாளாக என்றால் ரெண்டு மாசம் என்கிறான். என்ன போட்டாய் என்றால் பையிலிருந்து ஒரு டியூப்பை எடுத்துக் காட்டினான். என் காலத்தில் நான் போட்ட அதே ஜாதி டியூப்.

என் கதையைச் சொல்லிவிடுகிறேன். நான் ஒரு விளையாட்டு விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டே கபடி ஆடியவன். அறைக்கு எட்டுப் பேர், கொடி ஒன்று, அதில் யார் துண்டு யாருடையது என்று யாருக்கும் தெரியாது. தொடையில் அரிப்பு வந்தபோது மெடிக்கல் ஷாப்பில் கேட்டேன், ஒரு களிம்பு கொடுத்தார்கள். மூன்றே நாளில் அரிப்பு போச்சு, சிவப்பும் மங்கிப்போச்சு. அருமையான மருந்து என்று அறையில் மற்ற ரெண்டு பேருக்கும் அதையே சிபாரிசு செய்தேன்! நிறுத்தினால் ஒரு வாரத்தில் திரும்ப வரும், முன்னைவிடப் பெரிதாக. மறுபடி போடுவேன். இப்படி ஐந்தாறு மாசம் ஓடியது. மாநிலத் தேர்வு முகாமுக்குப் போனபோது அங்கே இருந்த டாக்டர் சட்டையைக் கழற்றச் சொல்லிப் பார்த்தவர், ஒரு வார்த்தை திட்டாமல் "இவன் இன்னைக்கு மேட்ல ஏற வேணாம்" என்று எழுதிவிட்டார். நான் பஸ்ஸில் திரும்பி வந்தேன். எங்கள் அறையில் அப்போது ஏழு பேருக்கு இருந்தது. ஒருவரும் ஒருவரிடமும் சொல்லவில்லை.

அந்தக் களிம்பில் என்ன இருந்தது என்பது எனக்குப் பல வருஷம் கழித்து, லெப்ட் கார்னரைத் தோல் டாக்டரிடம் கூட்டிப் போனபோதுதான் புரிந்தது. ஒரே டியூப்பில் பூஞ்சைக்கு ஒரு மருந்து, பாக்டீரியாவுக்கு ஒன்று, கூடவே வீரியமான ஸ்டீராய்டு. அரிப்பும் சிவப்பும் பூஞ்சை தானாகச் செய்வதில்லை, அதை எதிர்த்து நம் உடம்பு போடுகிற சண்டை. ஸ்டீராய்டு அந்தச் சண்டையை நிறுத்திவிடுகிறது. சண்டை நின்றதும் நமக்குச் சுகமாக இருக்கிறது, பூஞ்சைக்கும் சுகமாக இருக்கிறது, அது பாட்டுக்குப் படர்கிறது. நாள்பட்டால் அந்த வட்ட வடிவமே கலைந்து, டாக்டருக்கே பார்த்தவுடன் இது என்ன என்று சொல்வது கஷ்டமாகிவிடும். எங்கள் டாக்டர் ஓரத்துத் தோலைச் சுரண்டி மைக்ரோஸ்கோப்பில் பார்த்த பிறகுதான் மாத்திரை எழுதினார். இந்த மாதிரி ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018இலேயே மத்திய அரசு விதியை இறுக்கிவிட்டது. ஆனாலும் கேட்டால் கிடைக்கிறது என்பதற்கு என் பையனின் பையே சாட்சி.

இன்னொன்றும் டாக்டர் சொன்னார். இப்போது நம் நாட்டில் சுற்றுகிற படர்தாமரைப் பூஞ்சையில் ஒரு வகை சாதாரண மருந்துக்கு மசிவதில்லை, முன்பு ரெண்டு வாரத்தில் போனது இப்போது ரெண்டு மாசம் கேட்கிறது. அதனால் தழும்பு மறைந்ததும் மருந்தை விட்டுவிடக் கூடாது, அவர் சொல்லும் நாள் வரை முடிக்க வேண்டும். வீட்டில் ஒரே பாயில் படுக்கிற தம்பிக்கு இருந்தால் அவனுக்கும் சேர்த்துப் பார்க்க வேண்டும். லெப்ட் கார்னர் வீட்டில் அவன் அம்மாவுக்கும் இருந்தது. ரெண்டு பேரும் சேர்ந்து மருந்து எடுத்தபோதுதான் போனது.

கபடியில் இது ஏன் இப்படிப் பரவுகிறது என்று யோசித்தால் ஆட்டமே அப்படி. இடுப்பைப் பிடிக்கிறவன் கன்னத்தையும் கழுத்தையும் பாடி வருகிற ரெய்டர் விலாவில் அழுத்திக்கொண்டுதான் பிடிக்கிறான். ரெண்டு பேரும் வியர்வையில் குளித்திருக்கிறார்கள், மேட்டில் உராய்ந்து தோல் வழண்டிருக்கிறது. வழண்ட தோல், ஈரம், சூடு. பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்? மல்யுத்தத்தில் இது காலகாலமாக இருக்கிற வியாதி, அங்கே இதற்கென்றே விதி வைத்திருக்கிறார்கள். அமெரிக்கக் கல்லூரி மல்யுத்தத்தில் உடம்பில் படர்தாமரை இருந்தால் குறைந்தது 72 மணி நேரமாவது மருந்து போட்டிருக்க வேண்டும், தலையில் இருந்தால் 14 நாள் மாத்திரை. நம் கபடியில் நகம் வெட்டியிருக்கிறதா, உடம்பில் எண்ணெய் தடவியிருக்கிறதா என்று நடுவர் பார்ப்பார். தோலை யாரும் பார்ப்பதில்லை. இன்னும் வேடிக்கை, வழுக்குகிற எதையும் தடவிக்கொண்டு ஏறக் கூடாது என்பதால் மேட்ச் அன்றைக்கு மருந்தையே போடாமல் விட்டுவிடுவார்கள். ராத்திரி ஆட்டம் முடிந்து குளித்துத் துடைத்த பிறகு போட்டுக்கொள்ளலாமே என்று ஒருவருக்கும் தோன்றாது. எனக்கும் தோன்றியதில்லை.

சரி, வேலைக்கு ஆனவற்றைச் சொல்கிறேன்.

முதலில் துண்டு. ஊர்ப் போட்டிகளில் ஆடியவர்களுக்குத் தெரியும், கோட்டுக்கு வெளியே ஒரு பக்கெட், அதில் ஐஸ் மிதக்கும், உள்ளே ஒரு துண்டு ஊறும். அவுட் ஆகி வருகிறவன் எல்லாம் அதைப் பிழிந்து முகத்தைத் துடைத்துத் திரும்பப் பக்கெட்டிலேயே போடுவான். 2022 மழைக்காலத்தில் தமிழ்நாடு முழுக்க மெட்ராஸ் ஐ பரவியதே, அப்போது எங்கள் டீமில் ஒரு பையனுக்குக் காலையில் ஒரு கண் லேசாகச் சிவந்திருந்தது. தூக்கம் இல்லை என்றான். அன்று ராத்திரி நாலு மேட்ச். திங்கட்கிழமை ஆறு பேர் கண்ணாடி போட்டுக்கொண்டு திரிந்தார்கள். மெட்ராஸ் ஐ வந்தவனைப் பார்த்தால் ஒட்டிக்கொள்ளும் என்று இன்றைக்கும் நம்புகிறவர்கள் உண்டு. பார்த்தால் ஒட்டாது. கையால்தான் ஒட்டும். டிபன்ஸில் ஏழு பேர் கைகோத்துச் செயின் பிடித்து நிற்கிறோம், அதே கையால் கண்ணில் வழிகிற வியர்வையைத் துடைக்கிறோம். அந்தச் செயின் வழியாகவே போயிருக்கும். பக்கெட் அதற்கு உதவிக்கு ஆள்.

இப்போது பக்கெட் இருக்கிறது, துண்டு இல்லை. ஒருவர் சொம்பில் மொண்டு ஊற்றுவார், அவரவர் துண்டில் துடைத்துக்கொள்ள வேண்டும். துண்டின் ஓரத்தில் ஆளுக்கொரு நிற நூலால் தையல் போட்டிருக்கிறோம், பெயர் எழுதினால் துவைத்துத் துவைத்து அழிந்துபோகிறது. தண்ணீர் பாட்டிலும் அப்படியே. கேனுக்கு ஒரே டம்ளர் என்ற வழக்கத்தால் பொன்னுக்கு வீங்கி வந்து மூன்று பேர் தாடை வீங்கிக் கிடந்த வருஷமும் உண்டு. அரசாங்கம் இலவசமாகப் போடுகிற தடுப்பூசி தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும்தான், பொன்னுக்கு வீங்கி அதில் சேரவில்லை. அது அந்தச் சமயத்தில்தான் எனக்குத் தெரிய வந்தது.

நீ கேப், அதாவது முழங்கால் உறை விஷயத்தில் நான் இன்னும் முழுதாக ஜெயிக்கவில்லை. நல்ல நீ கேப் விலை அதிகம், அவுட் ஆகி வெளியே போகிறவன் உள்ளே வருகிறவனிடம் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போவான். உள்பக்கம் துணி ஊறிக் கிடக்கும், பையில் சுருட்டி வைத்துவிட்டு அடுத்த நாள் அப்படியே எடுப்பார்கள், மூட்டையைத் திறந்தால் வாடையே சொல்லிவிடும். துவைத்து உள்பக்கத்தை வெளியே திருப்பி வெயிலில் போடு என்று சொல்லிச் சொல்லிப் பாதிப் பேர் கேட்கிறார்கள்.

மேட்டைக் கழுவுவது பற்றி நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் பலகை, ஆடுகளத்துக்கு மட்டும் 130. வியர்வை இணைப்புகளுக்குள் இறங்கி நிற்கும். நாங்கள் முதலில் சோப்புத் தண்ணீரில் துடைத்து அழுக்கை எடுக்கிறோம், அழுக்கின் மேல் மருந்து ஊற்றினால் மருந்துதான் வீண். அப்புறம் பத்து லிட்டர் தண்ணீருக்குப் பதினைந்து முதல் இருபது கிராம் பிளீச்சிங் பவுடர், கலக்கித் தெளியவிட்டு மேலே நிற்கிற தண்ணீரை மட்டும் எடுத்து, மாப்பால் ஈரமாகத் தடவிப் பத்து நிமிஷம் அப்படியே விட வேண்டும். இந்தப் பத்து நிமிஷத்தைத்தான் எல்லாரும் விழுங்குகிறார்கள், தடவின கையோடு துடைத்துவிடுவார்கள். பிறகு வெறும் தண்ணீர். அன்றைக்குக் கலக்கியதை அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும், நாளைக்கு வீரியம் இருக்காது. கக்கூஸ் கழுவுகிற ஆசிடோடு மட்டும் கலந்துவிடாதீர்கள், வருகிற புகை நெஞ்சை அடைத்துவிடும். வெளியே போட்டு நடந்த ஷூவோடு மேட்டில் ஏறக் கூடாது, மேட் ஷூவோடு கக்கூஸுக்குப் போகக் கூடாது.

சிராய்ப்பு பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மண்ணில் ஆடிய காலத்தில் அடிபட்டால் அதே மண்ணை அள்ளித் தேய்த்துக்கொண்டு அடுத்த ரெய்டு போவதுதான் வீரம். மேட்டுக்கு வந்த பிறகு காயம் சின்னதாகிவிட்டது என்று நினைக்கிறோம், முழங்கை முட்டியில் தோல் உரிந்த மாதிரி ஒரு எரிச்சல், அவ்வளவுதான். 2003இல் அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் ராம்ஸ் என்ற அமெரிக்கன் ஃபுட்பால் அணியில் 58 வீரர்களில் 5 பேருக்கு, சாதாரண ஆன்டிபயாட்டிக்குக் கட்டுப்படாத எம்.ஆர்.எஸ்.ஏ என்ற கிருமியால் சீழ்க்கட்டி வந்தது. கட்டி வந்த இடமெல்லாம் செயற்கைப் புல்லில் உராய்ந்த சிராய்ப்புகள்தான். காசுக்கும் டாக்டருக்கும் பஞ்சமில்லாத அணி அது. விசாரித்தால் அங்கேயும் துண்டைப் பங்கு போட்டிருக்கிறார்கள், சிராய்ப்பைச் சரியாக மூடவில்லை. நம் பக்கெட் துண்டு மாதிரியேதான்.

எங்கள் ரெய்டர் ஒருவனுக்குத் தொடையில் பரு மாதிரி வந்தது. பூச்சி கடித்தது என்று சுண்ணாம்பு தடவினான், பிறகு நகத்தால் பிதுக்கினான், நாலாம் நாள் காய்ச்சலோடு தொடை முழுக்கச் சிவந்து ஆஸ்பத்திரியில் கீறி எடுத்தார்கள். கீறிய நர்ஸ் அக்கா கேட்ட முதல் கேள்வி, "யார் பிளேடுல ஷேவ் பண்ணினே?" போட்டிக்கு முந்தின நாள் ரூமில் ஒரே ரேசரில் நாலு பேர் கால் முடி எடுத்திருக்கிறார்கள். எதற்கு என்று கேட்டால் போட்டோவில் நன்றாக இருக்குமாம். இப்போது சிராய்ப்பு என்றால் உடனே சோப்புப் போட்டுத் தண்ணீரில் கழுவி, காய்ந்ததும் ஒட்டுப் போட்டுச் சுற்றிக் கட்டிவிட்டுத்தான் மேட். ஒட்டு பிடுங்கிக்கொண்டால் வெளியே வந்து மறுபடி ஒட்ட வேண்டும். சீழ் இருந்தால் மூடிக்கட்டினாலும் ஆட்டம் கிடையாது.

இன்னொரு தொல்லை அக்கி. முகத்திலோ கழுத்திலோ சின்னச் சின்ன நீர்க்கொப்புளம் கொத்தாக வந்து எரியும், ஊரில் வேளார் வீட்டுக்குப் போய்க் காவியில் அக்கி எழுதிக்கொள்வார்கள். எழுதிக்கொள்ளட்டும், எனக்கு அதில் சண்டை இல்லை. ஆனால் ஊரில் அக்கி என்று சொல்வதில் ரெண்டு மூன்று வியாதிகள் அடங்கியிருக்கின்றன. அதில் ஒன்று உரசினாலே அடுத்தவனுக்கு ஒட்டுகிற ஹெர்பிஸ். 1989இல் அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தில் நாலு வார மல்யுத்த முகாம் ஒன்றில் 175 பையன்களில் 60 பேருக்கு இது வந்திருக்கிறது. ஒருமுறை வந்தால் நரம்பில் போய்ப் படுத்துக்கொண்டு, உடம்பு தளரும்போது எட்டிப் பார்க்கும். 60 கிலோ போட்டிக்காக ரெண்டு நாள் பட்டினி கிடந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் எடை இறக்குகிறவர்களுக்கு அது வர நல்ல நேரம் பார்க்கத் தேவையில்லை. கண் பக்கத்தில் வந்தால் அன்றைக்கே கண் டாக்டரிடம் போக வேண்டும், கருவிழியைக் கெடுத்துவிடும்.

அம்மை வந்தால் வீட்டில் ஒரு நல்ல பழக்கம் உண்டு, வேப்பிலை செருகி ஆளைத் தனியாக வைத்துவிடுவார்கள், தண்ணி ஊற்றுகிற வரைக்கும் வெளியே விட மாட்டார்கள். தொற்றைத் தடுக்க இதைவிடப் பெரிய வழி என்ன இருக்கிறது? சிக்கல் எங்கே என்றால், சின்னம்மை கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே பரவ ஆரம்பித்துவிடும். அதாவது அவன் நம்மோடு ஆடிவிட்டுத்தான் போய்ப் படுத்திருப்பான். கடைசிக் கொப்புளமும் பொருக்குத் தட்டும் வரை தொற்றும். ஒட்டிய பிறகு வெளியே வர 10 முதல் 21 நாள் ஆகும், அதனால் ஒரு பையன் படுத்தால் மூன்று வாரத்துக்கு டீம் முழுக்கக் கண்காணிப்பில் என்று அர்த்தம். நாங்கள் ஒருமுறை ஆளாளுக்கு வீட்டில் அம்மாவிடம் கேட்டு, யாருக்கு ஏற்கெனவே வந்திருக்கிறது என்று பட்டியல் போட்டோம். வராதவர்கள் மூன்று பேர், ஒருவன் வீட்டில் அக்கா மாசமாக இருந்தார். அவனை அன்றைக்கே பயிற்சியிலிருந்து நிறுத்தி, அக்காவை டாக்டரிடம் கேட்கச் சொன்னோம். கர்ப்பிணிக்கு வந்தால் அது விளையாட்டு இல்லை.

மூச்சு வழியாக வருவதைத் தடுப்பது கபடியில் ரொம்பச் சிரமம், ஒத்துக்கொள்கிறேன். 30 நொடி "கபடி கபடி" என்று பாடிக்கொண்டே எதிராளி முகத்துக்கு நேராகப் போகிறோம். 2022 ஜனவரியில் பெங்களூரில் ஒரே ஹோட்டலுக்குள் பூட்டி வைத்து நடத்திய புரோ கபடியிலேயே கொரோனா புகுந்து, ரெண்டு அணிகள் ஆளில்லாமல் நின்று அட்டவணையை மாற்றினார்கள். நம்மால் முடிந்தது, இருமுகிறவனை வீட்டில் வைப்பதுதான்.

காய்ச்சலோடு ஆடுவது மட்டும் எனக்குப் பயம். சாயங்காலம் ஒரு ஊசி போட்டுக்கொண்டு ராத்திரி ஆடிவிட்டு வருவதைப் பெருமையாகச் சொல்கிறவர்களை நான் சின்ன வயதில் வாயைப் பிளந்து பார்த்திருக்கிறேன். ஊசி காய்ச்சலைத்தான் இறக்கும், வைரஸ் உள்ளேயே இருக்கும், சில சமயம் இதயத் தசையில் போய் உட்காரும், அந்த நேரத்தில் முழு வேகத்தில் ஓடினால் துடிப்பே தப்பிவிடலாம். மூக்கடைப்பு, லேசான தொண்டைக் கரகரப்பு என்றால் மெதுவாகப் பயிற்சி செய்யலாம், அதுவும் தனியாக. காய்ச்சல், உடம்பு வலி, நெஞ்சுச் சளி, வயிற்றுப்போக்கு என்று கழுத்துக்குக் கீழே இறங்கிவிட்டால் படுக்கைதான். டெங்கு சீசனில் இன்னொரு ஆபத்து, நம் பையன்கள் மேல்வலிக்கு டைக்ளோபெனாக்கை மிட்டாய் மாதிரிப் போடுகிறார்கள். டெங்குவில் அது ரத்தக்கசிவைக் கூட்டிவிடும். காய்ச்சல் விட்டதும் சரியாகிவிட்டது என்று கிளம்பவும் கூடாது, டெங்குவில் காய்ச்சல் இறங்குகிற அந்த ரெண்டு நாள்தான் பொல்லாதது.

இத்தனையும் சொன்னேன், ஆனால் துண்டும் பிளீச்சிங் பவுடரும் வாங்கி ஒரு வருஷம் ஆன பிறகும் பையன்கள் மறைப்பது நிற்கவில்லை. ஏன் என்று லெப்ட் கார்னரிடமே கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "வெளிய உக்காந்தா பங்கு கிடையாதே மாஸ்டர்" என்றான். பரிசுப் பணத்தை ஆடியவர்கள்தான் பிரித்துக்கொள்வார்கள், எல்லா ஊர் டீமிலும் அப்படித்தான். அவனுக்கு அந்தப் பங்கில்தான் காலேஜ் பஸ் பாஸ். நான் துண்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அடுத்த போட்டியிலிருந்து, உடம்புக்கு ஏதாவது இருக்கிறது என்று தானாக வந்து சொல்லி உட்கார்ந்தவனுக்கும் முழுப் பங்கு, மருந்துச் செலவு டீம் கணக்கில், குணமானதும் அவன் இடம் அவனுக்கு என்று வைத்தோம். மூத்த பையன்கள் ரெண்டு பேர் முணுமுணுத்தார்கள், ஒருவன் டீமை விட்டே போனான். ஆனால் முதல் மாசமே மூன்று பேர் வந்து சட்டையைத் தூக்கிக் காட்டினார்கள். அதில் ஒன்று வெறும் வேர்க்குரு. அதற்கும் திட்டாமல் பார்த்து அனுப்பினேன், திட்டினால் அடுத்தவன் வர மாட்டான்.

இப்போது செவ்வாயும் சனியும் பயிற்சிக்கு முன்னால் வரிசையாக நின்று நகம், கை, கழுத்து, கால்விரல் இடுக்கு எல்லாம் ஒருவருக்கொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். போன மழைக்கு லெப்ட் கார்னர்தான் பார்த்துக்கொண்டு வந்தான். வரிசை முடிந்ததும் என் முன்னால் வந்து நின்று, "மாஸ்டர், நீங்களும் செருப்பைக் கழட்டுங்க" என்றான். பையன்கள் சிரித்தார்கள். வயலில் இறங்கி வந்த கால், சுண்டு விரல் இடுக்கில் ஒரு வாரமாகச் சேற்றுப்புண் வெளுத்துப்போய்க் கிடந்தது எனக்குத் தெரியும், அந்த வெறுங்காலோடுதான் தினமும் மேட்டின் மேல் நடந்து பிடி சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் காட்டுகிறேன்டா என்றுதான் முதலில் வாயில் வந்தது. அவன் நகரவில்லை. கழற்றினேன்.